பரீனா டீச்சர் எடுத்த காலை வீடியோ

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் "சாரதி ஜவ்பரின் மனைவி மௌத்தாகிவிட்டார்" என்று அறிவித்தபோது நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். யாரோ பாவம் என்று நினைத்துத் துருவலைத் தொடர்ந்தேன். எங்கள் ஊரில் பெண்ணின் மரணத்தைக் கணவர் பெயரில்தான் அறிவிப்பார்கள், வண்டி ஓட்டும் ஜவ்பர்களோ ஏராளம். பாடசாலை வாட்ஸ்அப்பைப் பார்த்த பிறகுதான் அது எங்கள் பரீனா டீச்சர் என்று தெரிந்தது. பதினொரு வருடம் என் பக்கத்து மேசையில் இருந்தவர். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரைப் புகழ்வீர்கள். நான் சண்டை பிடித்தவள். எங்கள் விசேட கல்விப் பிரிவுப் பிள்ளைகளுக்காக அவர் போனில் வீடியோ எடுக்கத் தொடங்கியபோது, "போனக் காட்டிப் புள்ளைகளக் கெடுக்கப் போறீங்க" என்றேன்.

"கெட்டா நான் பொறுப்பு. நீங்க கை நடுங்காமப் புடிங்க டீச்சர்" என்று போனை என் கையில் திணித்தார். அன்றிலிருந்து கெமரா பிடிப்பது என் வேலையானது.

பேச்சு வராத ஸைனபுக்காக ஒரு காலை வீடியோ எடுத்தோம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால் அலறும் பிள்ளை அவள். ஆட்டோவில் இருந்து இறங்குவது, கேட்டில் பரீனா டீச்சர் ஸலாம் சொல்லிச் சிரிப்பது, செருப்பைக் கழற்றுவது, கதிரையில் அமர்வது. தினமும் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு வந்தாள், அலறல் நின்றது. ஒருநாள் வீடியோவில் இருந்த நீலக் கதிரைக்குப் பதில் சிவப்புக் கதிரை கிடந்தது. அன்று முழுவதும் அழுகைதான். டீச்சர் அன்றே புதிதாக எடுத்தார்.

"இந்தப் புள்ளைகள் படத்த அப்படியே நம்புவாங்க. இல்லாத ஒண்டக் காட்டினா நாமதான் பொய்காரர்" என்றார்.

ஜனாஸா நல்லடக்கம் முடிந்து பாடசாலை தொடங்கிய அன்று ஸைனப் கேட்டோடு நின்றுவிட்டாள். பரீனா டீச்சரைத் தேடி வீதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவளுடைய உம்மா என் கையைப் பிடித்தார்.

"இனி ஏலாது டீச்சர். புள்ளய ஊட்டோட வெச்சிக்கிறன்."

நான்கு வருட உழைப்பு அந்தக் கேட்டோடு போய்விடும். அந்த வீடியோவில் இருந்து பரீனா டீச்சரை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. என்னால் முடியவில்லை. அழுதேன். பிறகு வெட்டினேன்.

அவர் நின்ற இடத்தில் நான் நின்றேன். என் மகள் கெமரா பிடித்தாள். முதல் நான்கு தடவையும் அழுதுவிட்டேன். அழுத முகத்தைக் காட்டினால் ஸைனப் தினமும் அந்த முகத்தைத்தானே தேடுவாள்? ஐந்தாம் தடவை சிரித்தேன். அதை ஸைனபின் உம்மாவுக்கு அனுப்பினேன்.

நேற்று ஸைனப் ஆட்டோவில் இருந்து இறங்கினாள். வீதியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஸலாம் சொன்னேன். உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றினாள்.

அல்லாஹ் பரீனா டீச்சரின் கப்றுக்குழியை விசாலமாக்கட்டும். வெட்டி எடுத்த நான்கு வினாடி என் போனில் இருக்கிறது. ஸைனபுக்கு அதை இனிக் காட்டமாட்டேன். காலையில் நான் மட்டும் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்குப் போகிறேன்.