தாடைக்குக் கீழே ஒரு கை

கடத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கப் போனபோது பார்த்த டீச்சர் அவர். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை சாக்பீஸ் தூள். புறங்கையைத் தாடைக்குக் கீழே வைத்தபடிதான் பாடம் நடத்துவார். பிள்ளைகளும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். நீளமான இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லும்போது தாடை எத்தனை முறை கையில் இடிக்கிறதோ, அத்தனை துண்டாக அதை உடைக்க வேண்டும்.

சுவரில் எழுதச் சொல்லி ஒரு தாளில் பத்து இங்கிலீஷ் வார்த்தைகள் கொடுத்தார். நான் ஆறாம் வகுப்போடு ஊர்சுற்றக் கிளம்பியவன். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து வரைவேன், வாசிக்க வராது. தாளில் வார்த்தைகளுக்குள்ளே இருந்த இடைவெளிகளைக் கைப்பிழை என்று நினைத்து, ஒவ்வொரு வார்த்தையையும் சேர்த்து அழகாக எழுதிவிட்டேன்.

டீச்சர் வந்து பார்த்தார். பிள்ளைகள் முன்னால் என் வண்டவாளம் வெளியாகப் போகிறது என்று நின்றேன்.

"நல்லதாப் போச்சு. எங்க ஒடைக்கணும்னு நீங்களே பெயிண்டர் அண்ணனுக்குச் சொல்லுங்க," என்றார் பிள்ளைகளிடம். அவர்கள் கத்தக் கத்த, நான் சிவப்புக் கோடு போட்டேன். கடைசி வார்த்தைக்கு என்னைப் பார்த்தார்.

"இது ஹாஸ்பிட்டலுங்கண்ணா. நீங்களே ஒடைங்க."

பெயிண்ட் கையைத் தாடைக்குக் கீழே வைத்துச் சொன்னேன். மூன்று இடி. எழுத்துகளை உற்றுப் பார்த்து இரண்டு கோடு போட்டேன். சரியாக விழுந்தது.

"அண்ணனுக்குச் செவப்புத் தாடி!" என்று ஒரு சிறுமி சிரித்தாள்.

இப்போதும் புது ஊரில் இறங்கிப் பெரிய போர்டைக் கண்டால் கை தாடைக்குப் போகிறது. எனக்கு வாசிக்க வராது என்று டீச்சர் கண்டுகொண்டாரா?