ஜப்பானியப் பாட்டும் தாளப் பொத்தானும்

கொல்லிமலை விடுதி ஒன்றில் சனிக்கிழமைதோறும் கீபோர்டு வாசிக்க ஆள் தேடினார்கள். பாட்டு வாத்தியார் வேலையிலிருந்து பள்ளிக்கூடம் என்னைக் கழற்றிவிட்ட பிறகு வந்த முதல் வாய்ப்பு. இன்று வாசித்துக் காட்டப் போனேன்.

பியானோ ஒலியில் ஒரு ஜப்பானியக் காதல் பாட்டை எடுத்தேன். அந்த மாதிரிப் பாட்டுகளுக்குப் பாடகர் வேண்டாம், தபலா வேண்டாம். சுரங்களுக்கு நடுவே விடும் மௌனம்தான் பாட்டே.

அந்த மௌனத்தில் முதலாளி எழுந்து வந்தார்.

"ஏனுங்க சார், நடுவுல நின்னு நின்னு போவுதுங்களே, மறந்து போச்சுங்களா?"

கேட்டுக்கொண்டே, கீபோர்டில் தானாகத் தாளம் போடும் பொத்தானை அமுக்கிவிட்டார். டிங்கு டக்கா என்று ஓடியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த சேலத்துக் குடும்பம் கைதட்டியது.

"இப்பத்தானுங்க பாட்டு மாதிரி இருக்குது. இந்த வாரமே வந்துருங்க."

சரி என்று சொல்லிவிட்டேன்.

நண்பர்களே, சனிக்கிழமைகளில் யாரும் மலைப்பக்கம் வராதீர்கள். வருவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், அன்றைக்கு மட்டும் லீவு போட்டுவிடுகிறேன்.