விரிப்பின் மறுமுனை

மாத்தளையில் எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் நகரசபை கட்டிவிட்ட பைப்படியில் நான்கு துவைகற்கள் இருந்தன. நான்குக்கும் சண்டை இருந்தது. யார் முதலில் வாளி வைத்தது, யாருடைய அழுக்குத் தண்ணீர் யார் பக்கம் ஓடியது என்று காலை முழுவதும் வாய் ஓயாது. அந்த இரைச்சலுக்குள் தலை நிமிராமல் வேலையை முடித்துக்கொண்டு போகிற ஒரே ஆள் அழகாயி. நான் உக்குவளையிலிருந்து இந்த ஒழுங்கைக்கு மருமகளாக வந்தபோது அவர் ஊரில் இல்லை. அவரைப் பற்றி எனக்குச் சொன்னது என் மாமி மஸீனா.

அழகாயியின் வேலை வீட்டிலேயே தொடங்கிவிடும். பைப்படிக்கு வரும்போதே வெள்ளை ஒரு மூட்டை, சாயம் போகாதது ஒரு மூட்டை, போகிறது ஒரு மூட்டை. முதலில் வெள்ளைக்குச் சவர்க்காரம் போட்டு, அலசாமல் அப்படியே பக்கத்துப் புல்லில் வெயிலுக்கு விரித்துவிடுவார். வெயில் தன் பங்கு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது கல்லில் மற்றத் துணிகள் அடிபடும். மிஞ்சிய சவர்க்காரத் தண்ணீரையும் கொட்ட மாட்டார். அடுப்படித் துணிக்கு அது போதும். கடைசி வாளியில் நீலம். மற்றவர்கள் சண்டையை முடிப்பதற்குள் அவருடைய துணி கொடியில் ஆடும்.

திருகோணமலை வீதியில் இருந்த ஒரு தங்குவிடுதியின் கட்டில் விரிப்புகளை அவர்தான் துவைத்துக் கொடுத்தார். கணவர் சோமசுந்தரம் கொக்கோ ஸ்டோரில் மூட்டை தூக்கியவர். இருமல் வந்து வேலையை விட்ட பிறகு அந்த வீட்டில் உலை வைத்தது விரிப்புகளை நம்பித்தான். பிள்ளைகள் இல்லை.

பெரிய விரிப்பை ஓர் ஆளால் பிழிய முடியாது. பிழிந்தாலும் பாதித் தண்ணீர் உள்ளேயே நிற்கும். காய்ந்தும் காயாமலும் புழுங்கல் வாடை அடிக்கும். அதனால் பைப்படியில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்வார்கள். எதிரும் புதிருமாக நின்று ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்க வேண்டும். ஜோடியை யாரும் லேசில் மாற்றுவதில்லை. அழகாயிக்கு ஜோடி என் மாமி. மாமிக்கு அப்போது கைக்குழந்தையோடு சேர்த்து வீடு நிறையப் பிள்ளைகள். குடும்பக் கதை முழுவதும் அந்த முறுக்கலில்தான் பேசித் தீர்த்தோம் என்பார்.

ஒன்றை மட்டும் அழகாயி பேசவில்லை. சோமசுந்தரத்துக்கு வந்திருந்தது சயரோகம். இருமும்போது வாய் துடைக்கிற துவாயில் இரத்தம் பட்டது. அம்மை போட்ட வீட்டுத் துணியே பைப்படிக்கு வரக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்த பெண்கள் இதைக் கேட்டால் அவரைக் கல்லுக்குப் பக்கத்தில் விடுவார்களா? கல் போனால் விரிப்பு போகும், விரிப்பு போனால் சோறு போகும். வாயை மூடிக்கொண்டதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மறைத்தவர் மற்றவர்களைக் கைவிடவில்லை. நோயாளியின் துணியைக் கொதிக்கவைக்காமல் வெளியே கொண்டுபோகக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவர் அந்தத் துவாய்களை முதலில் வீட்டிலேயே பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்துக் கறையை எடுப்பார். அந்தத் தண்ணீரைக் குழி வெட்டி ஊற்றிவிட்டு, பிறகு துவாய்களைக் கொதிக்கவைத்து, கடைசியாகத்தான் பைப்படிக்குக் கொண்டுவருவார். இந்த வரிசை மாறக்கூடாது. இரத்தம் பட்ட துணியை முதலிலேயே கொதிக்கவைத்தால் கறை நூலோடு வெந்து, தவிட்டு நிறத்தில் நின்றுவிடும். கல்லில் துணி அடிக்கிற எந்தப் பெண்ணும் அந்த நிறத்தைக் கண்டதும் என்னவென்று சொல்லிவிடுவாள்.

அந்த வருடம் மழை பொய்த்தது. பைப்பில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர். வீட்டுக்கு என்று ஒரு பானை கிடைத்தால் பெரிது. நோயாளிக்குக் கஞ்சி வைத்தது போக மிஞ்சியதை வைத்து ஊறப்போடலாம், அல்லது கொதிக்கவைக்கலாம், இரண்டும் முடியாது. ஊறப்போட்டால் கறை போகும், யாருக்கும் தெரியாது. கொதிக்கவைத்தால் நோய் போகும், கறை நிற்கும்.

அழகாயி கொதிக்கவைத்தார். அடுத்த கல்லில் என் மாமி குழந்தையின் துணியை அலசிக்கொண்டிருந்தார், அதனால்தான்.

கறை நின்ற துவாய்களை விரிப்புக்குள் சுருட்டிக் கொண்டுவந்து, யாரும் பார்க்காத நேரத்தில் அலசி மறுபடி சுருட்டிவிடுவார். ஒரு காலை தண்ணீர் நிற்கப் போகிறது என்ற அவசரத்தில் இரண்டு பேரும் விரிப்பை எடுத்து முறுக்கத் தொடங்கினார்கள். மடிப்பிலிருந்து ஒரு துவாய் நழுவி மாமியின் காலடியில் விழுந்தது. மாமி குனிந்து பார்த்தார். நிறம் தெரிந்தது. அந்த வீட்டு இருமலும் நினைவுக்கு வந்தது.

"கொதிக்கவச்சுத்தான் கொண்டாந்தேன் தங்கச்சி," என்றார் அழகாயி, மெல்ல.

மாமி கையிலிருந்த முனையை விட்டுவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நான் ஒருத்தர்ட்டயும் செல்லல்ல மகள்," என்று மாமி என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். உண்மைதான், சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அவர் கடைசிக் கல்லுக்கு மாறி, வேறொருத்தியின் விரிப்பைப் பிடித்தார். பைப்படியில் அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? மஸீனா கைவிட்டிருக்கிறாள் என்றால் காரணம் இருக்கும் என்று மற்றவர்களும் ஒதுங்கினார்கள். காரணத்தைக் கேட்கக்கூட ஒருத்திக்கும் வாய் வரவில்லை. வாளிக்கு அத்தனை வாய் பேசிய பெண்கள்! எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை.

அழகாயி விரிப்பின் ஒரு முனையைப் பைப்பின் இரும்புக் காலில் கட்டி, மறுமுனையைத் தனியாக முறுக்கத் தொடங்கினார். வெயில் இருந்தவரை சமாளித்தார். பிறகு ஊரெல்லாம் கையேந்திக் கேட்ட மழை வந்தது, நாட்கணக்கில் விடாமல் பெய்தது. பாதி பிழிந்த விரிப்புகள் காயவில்லை. வாடை அடிக்கிறது என்று விடுதிக்காரர் முதல் தடவை திருப்பி அனுப்பினார். இரண்டாம் தடவை வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அந்த மழை முடிவதற்குள் சோமசுந்தரம் கண்ணை மூடினார். மாமி அந்த வீட்டு வாசல் வரை போய், உள்ளே போகத் துணியாமல் திரும்பி வந்தார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அழகாயி ஒரே ஒரு விரிப்போடு பைப்படிக்கு வந்தார். கணவர் படுத்திருந்தது. எரித்துவிடு என்று உறவுக்காரர்கள் சொன்னார்களாம். வீட்டில் வேறு விரிப்பு இல்லை. துவைத்து முடித்து, இரும்புக் காலில் கட்டக் குனிந்தபோது மாமி தன் கல்லை விட்டு எழுந்து வந்தார். எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க மறுமுனைக்குக் கையை நீட்டினார்.

அழகாயி முனையைக் கொடுக்கவில்லை.

"கொதிக்கவச்சதுதான் தங்கச்சி. ஆனா நீ புடிக்காத. நீ புடிச்சா நாளைக்கு ஒனக்கும் புடிக்க ஆள் இருக்காது. புள்ளைங்க இருக்கிற வீடு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன் என்பார் மாமி. அழகாயி விரிப்பைக் கட்டி, முறுக்கி, தோளில் போட்டுக்கொண்டு போனார். தண்ணீர் முதுகெல்லாம் வழிந்ததாம். கொஞ்ச காலத்தில் தம்பி குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற ரயில் பிடித்துவிட்டார். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியாது.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் மாமி பைப்படிக்குப் போவதையே விட்டிருந்தார். வீட்டுப் பின்புறத்தில் துவைத்துவிட்டு, விரிப்பின் ஒரு முனையைக் கொய்யா மரத்தில் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தேன்.

"வாணாம் மகள், உடுங்க," என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தானே முறுக்கினார். அன்றைக்கு வானம் மப்பு. விரிப்பு சாயந்தரம் வரைக்கும் சொட்டிக்கொண்டே கிடந்தது.