அக்கா தைத்த எட்டுக் குழாய்கள்

அக்காவின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, நண்பர்களே, உங்களுக்கு என் வணக்கம். இந்த மண்டபத்தில் இருக்கும் பெண்களில் பாதிப் பேராவது இன்று அக்கா தைத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்திருப்பீர்கள். அப்படிப் பார்த்தால் அக்காவைப் பற்றி என்னைவிட உங்கள் தோள்களுக்கு அதிகம் தெரியும்.

நான் அவரின் ஒரே தம்பி. எழுதிப் பழகியவன் அல்ல. நீண்ட காலம் இந்த நகரத்தில் டாக்சி ஓட்டினேன். பின் இருக்கையில் இருந்தவர்கள் போகிற போக்கில் சொன்ன சொற்களையெல்லாம் மனதில் சேர்த்து வைப்பது என் பழக்கம். அதனால் அக்கா என்ன செய்தார் என்பதோடு, யார் என்ன சொன்னார்கள் என்பதும் இதில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கரவெட்டியில் பிறந்தார். ஐயா காலமானபோது அவருக்குப் பதினான்கு வயது. தையல் படிக்க யாரும் அனுப்பவில்லை. அம்மாவின் பழைய சட்டை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு நூலாகப் பிரித்து, துண்டுகளை நிலத்தில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அதைத் திரும்பத் தைத்தார். அதுதான் அவர் படித்த பள்ளிக்கூடம். "தைச்ச ஆள் என்ன நினைச்சது எண்டு பிரிச்சாத்தான் தெரியும்" என்று பிற்காலத்திலும் சொல்லுவார்.

அந்த ஊசியால் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. பிறகு சண்டை வந்தது, ஊர் ஊராக இடம்பெயர்ந்தோம். கடைசியில் அக்கா லண்டன் வந்து அத்தானைக் கைப்பிடித்தார். என்னையும் கூப்பிட்டு எடுத்தார். அத்தான் கார் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை செய்தார். மோர்டனில் வீடு எடுத்தார்கள். பின் அறையில் அக்காவின் தையல் மெசின், சுவருக்கு அந்தப் பக்கம், கார் நிறுத்தும் இடத்தில், அத்தானின் சொந்தக் கராஜ். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் சுவருக்கு இரண்டு பக்கத்திலும் வேலை செய்துகொண்டே சத்தம் போட்டுக் கதைப்பார்கள். நான் ஒருமுறை, "ஏன் அக்கா, ஒரு கதவை வைச்சா என்ன?" என்று கேட்டேன். "கதவு வைச்சாக் கதை குறைஞ்சிடும்" என்றார்.

அத்தானுக்கு ஒரு கனவு இருந்தது. அந்தக் காலத்துச் சின்ன ஆங்கிலக் கார் ஒன்றை வாங்கி, அதன் மூக்குக்குள் எட்டு சிலிண்டர் அமெரிக்க எஞ்சினைப் பூட்டி, 'ஹொட் றொட்' ஆக்க வேண்டும் என்பது. பல வருடமாகச் செய்தார். எஞ்சினை இறக்கினார், கியர் பூட்டினார், சிவப்பு மை அடித்தார். மிச்சம் இருந்தது புகைக்குழாய் ஒன்றுதான். எஞ்சினின் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு வாய். நான்கிலிருந்தும் நான்கு குழாய் வளைந்து வந்து ஒன்றாய்ச் சேர வேண்டும். அந்தக் கொத்துக்கு 'ஹெடர்' என்று பெயர். அந்தக் காருக்கு அந்த எஞ்சின் பிறந்த சொந்தம் இல்லை என்பதால் கடையில் விற்கும் ஹெடர் எதுவும் பொருந்தவில்லை. வீட்டிலேயே வளைத்து, வெட்டி, ஒட்ட வேண்டும்.

அந்த நேரத்தில்தான் அத்தானுக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கை விழுந்துவிட்டது. வலக்காலும் அரைவாசி. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவர் கராஜ் பக்கம் போகவேயில்லை. சுவரைத் தாண்டிக் கதையும் இல்லை. முன் அறையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஏழு மாதம் அவர் சிரித்ததை நாங்கள் காணவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உந்தப் பழைய இரும்பை ஆரும் கேட்டாக் குடுத்துவிடு. நான் இருக்கேக்குள்ளயே போகட்டும்" என்றார். நானும் வால்தம்ஸ்டோவில் பழைய கார் வாங்கும் எங்கள் ஆள் ஒருவரிடம் சொன்னேன். அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை டிரெயிலரோடு வருகிறேன் என்றார்.

அக்கா அன்று ஒரு சட்டைக்குக் கை பூட்டிக்கொண்டிருந்தார். மெசினை நிறுத்தாமலே, "சனிக்கிழமைக்கு முதல் அது மூச்சு விட்டா?" என்று கேட்டார்.

"மூச்சு விட்டா அவரே வைச்சிருக்கட்டும். ஆனா ஆர் விட வைக்கிறது?"

"நாலு கை, ஒரு கைக்குழி. அவ்வளவுதானே?" என்றார் அக்கா.

நான்கு குழாய் ஒரு வாயில் சேருவதைச் சட்டைக் கையைப் பூட்டுவது போலத் தானே செய்யப் போகிறார் என்று எனக்கு விளங்கியது. கார் போனால் அதோடு அத்தானும் போய்விடுவார் என்று அக்கா பயந்தார். அதை அவர் வாயால் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

எங்கிருந்தோ உடைந்த ஹெடர் ஒன்றை எடுப்பித்தார். மூட்டு மூட்டாக அறுத்துப் பிரித்து, தையல் அறை நிலத்தில் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்தார். அம்மாவின் சட்டையைப் பார்த்தது போலவே. பிறகு வளைத்த குழாய்கள் வாங்கினார். அத்தானின் நீல அங்கியைத் தன் அளவுக்குச் சிறுப்பித்துப் போட்டுக்கொண்டார். வெல்டிங் செய்ய இணையத்தில் பார்த்துப் பழகினார். முதல் இரண்டு கிழமை பழைய தகரத்தில் ஓட்டை போட்டதுதான். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா, கராஜின் கண்ணாடியில் அடிக்கடி நீல வெளிச்சம் வெட்டுவதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "உன் அக்கா உள்ளே மின்னல் வளர்க்கிறாளா?" நான் கேட்ட சொற்களில் அதற்கு ஒரு தனி இடம் உண்டு.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் கனவு போலத்தான் இருக்கிறது. பின்னேர வெயில் கராஜ் கதவுக்குக் கீழால் நீரைப் போல ஊர்ந்து வரும். பிரவுண் பேப்பரைக் குழாயைச் சுற்றி வைத்து, வெட்டும் கோட்டை வெள்ளைச் சோக்கால் கீறுவார். கீறிய பேப்பரை விரித்தால் அது சட்டைக் கையின் மேல் வளைவு போலவே இருக்கும். ஒட்டிய இடம் ஆறும்போது இரும்பில் நிறங்கள் ஏறும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு கத்தரிப்பூ, பிறகு மயில் கழுத்து. அக்கா முகமூடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டு நிற்பார். "தம்பி, இந்தக் கரையில ஒரு சாறி இருந்தா எப்பிடி இருக்கும்?" என்பார். அந்த நேரத்தில் லண்டனும் இல்லை, வருத்தமும் இல்லை. ஆறுகிற இரும்பின் கிணுகிணுப்பு மட்டும் கேட்கும்.

இடப்பக்க ஹெடர் அளவாக வந்து உட்கார்ந்தது. அக்காவுக்குச் சந்தோசம். வலப்பக்கத்துக்கு அவர் எஞ்சினைப் பார்க்கவேயில்லை. தையல்காரர் ஒரு கையை வெட்டினால் மற்றக் கைக்கு அதே பேப்பரைத் திருப்பிப் போட்டு வெட்டுவார்கள் அல்லவா? அப்படியே வெட்டி, மேசையில் வைத்து ஒட்டி முடித்தார். கொண்டுபோய்ப் பூட்டப் பார்த்தால், வலப்பக்கத்தில் ஸ்டியரிங்கில் இருந்து சக்கரத்துக்குப் போகும் இரும்புத் தண்டு குறுக்கே நிற்கிறது. இரண்டு குழாய் நேரே போய் அதில் முட்டுகின்றன. இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

நான் முன் அறைக்குப் போய், "அத்தான், வலப்பக்கம் ஸ்டியரிங் தண்டில முட்டுது" என்றேன்.

"என்னெண்டு முட்டும்? அளவெடுத்தவதானே?"

"இடப்பக்கத்துப் பேப்பரைத் திருப்பிப் போட்டு வெட்டினவ."

அத்தான் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! ஊன்றி நடக்கும் பொல்லை எடுத்துக்கொண்டு, குசினிக்குள்ளால் மெல்ல நடந்து, கராஜ் வாசலில் வந்து நின்றார்.

"என்னப்பா, எஞ்சினுக்கும் ரெண்டு கை எண்டு நினைச்சீரோ?"

"ரெண்டு பக்கமும் நாலு நாலுதானே" என்றார் அக்கா. "ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கின ஆக்களுக்கெல்லாம் நான் தைச்சிருக்கிறன். உங்கட கார்தான் உங்களை மாதிரி ஒரு பக்கத்தில பொல்லோட நிக்குது."

அதன்பிறகு அத்தான் கராஜை விட்டுப் போகவில்லை. கதிரை போட்டு இருந்துகொண்டு குறை சொன்னார். தண்டைச் சுற்றிக் குழாயை எடுத்தால் பிறகு கழற்ற ஏலாது என்றார். "சட்டைக்கு உள்ளுக்கு அரை இஞ்சி துணி விடுறம், பிறகு இளக்கலாம் எண்டு. இதுக்கும் விடுவம்" என்றார் அக்கா. "இரும்புக்குத் துணி விடுறதே?" என்று சிரித்த அத்தான், பிறகு தானே யோசித்து, ஒரு குழாயை நடுவில் இரண்டாக்கி ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கழற்றும்படி வைக்கலாம் என்று வழி சொன்னார்.

அத்தானை வெளியே வரவைக்க அக்கா வேண்டுமென்றே பிழை விட்டார் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உலவுகிறது. கேட்க நல்ல கதைதான். ஆனால் இந்த மலரில் பொய் எழுத எனக்கு மனம் இல்லை. நான் அக்காவிடமே கேட்டேன். "விசரா, உண்மையாவே பிழை விட்டனான். அண்டைக்கு எனக்கு அழுகை வந்தது. அந்தாள் சிரிச்சபடியால அடக்கிப்போட்டன்" என்றார்.

வலப்பக்கம் முடிந்தபோது சனிக்கிழமைக்கு நான்கு நாள் மிச்சம். அப்போதுதான் அக்கா எங்களுக்கு விளங்காத ஒரு வேலை செய்தார். அத்தானின் இடக்கையை நீட்டச் சொல்லி, அளவு நாடாவை எடுத்து, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை அளந்தார். கையைப் பொத்தச் சொல்லிச் சுற்றளவும் எடுத்தார்.

"என்ன, கையுறை தைக்கப் போறீரோ?"

"ஓம். பேசாம இருங்கோ."

அடுத்த நாள், அளவாக உட்கார்ந்திருந்த அந்த இடப்பக்க ஹெடரை அறுக்கத் தொடங்கினார். ஒரு குறையும் இல்லாததை! "அக்கா, உனக்கென்ன விசரே? சனிக்கிழமை ஆள் வருது!" என்றேன். அத்தானும் ஏசினார். "வடிவில்லை" என்று ஒரு சொல் சொன்னார் அக்கா, அவ்வளவுதான். குழாய்களை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் விலக்கி, திரும்ப ஒட்டினார். புதிதாய் முடித்த வலப்பக்கத்தையும் விடவில்லை. வெள்ளி மாலை தேத்தண்ணி நேரத்துக்குத்தான் ஹெடரை எஞ்சினோடு பூட்டும் கடைசி ஆணி இறுகியது. முன்னதைவிட அழகாக வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் டிரெயிலர் வாசலில் வந்து நின்றது. வந்தவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அத்தானைக் காருக்குள் ஏற்றினோம். இடக்கையால் சாவியைத் திருப்பினார். ஒன்றும் இல்லை. திரும்பவும் திருப்பினார். மழைக்கு முதல் வானம் தூரத்தில் உறுமுமே, அப்படி ஒரு சத்தம் எழுந்து, பிறகு எட்டும் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரே நீளமான மூச்சாக ஓடியது. பக்கத்து வீட்டு அம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர், ஈரத் துணியோடு அப்படியே நின்றார். அக்கா ஹெடரைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வால்தம்ஸ்டோக்காரர் என்னிடம், "அண்ணை, நான் வெறும் டிரெயிலரோட போறன். இந்தச் சத்தத்தைக் கேட்டாப் பிறகு வாங்கினா எனக்கு நித்திரை வராது" என்றார்.

அதன்பிறகு சில வருடம் அந்தச் சிவப்புக் காரில்தான் அக்கா அப்டன் பார்க்குக்குத் தைத்த சட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா ஓட்டுவார், அத்தான் மடியில் சட்டைப் பார்சல். வைத்தியர் சம்மதித்து, இடக்கைக்கும் இடக்காலுக்கும் ஏற்ற மாதிரி காரை மாற்றிய பிறகு அத்தானும் ஓட்டினார்.

அக்காவுக்கு வந்த நோய் நீண்ட நாள் கொடுக்கவில்லை. கடைசி வாரம் கட்டிலில் இருந்தபடி தைத்து முடிக்காத சட்டைகளின் பெயர்களை எனக்குச் சொன்னார், யாருடையதும் விடுபடக் கூடாது என்று. பிறகு, "அத்தானைத் தனிய விட்டிட்டுப் போறன் எண்டு நினைக்காதை. அவர் தன்ர வேலையைத் தானே பார்ப்பார்" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு காலைப் பொழுதில் அமைதியாகப் போனார்.

அவரைப் பராமரித்த தாதிமாருக்கும், சாப்பாடு கொண்டுவந்த மோர்டன் உறவுகளுக்கும், முடிக்காத சட்டைகளை வாங்கித் தைத்துக் கொடுத்த அக்காவின் தையல் தோழிகளுக்கும், இறுதிக் கிரியைக்குத் தூர இடங்களிலிருந்து வந்தவர்களுக்கும், தன் தோட்டத்துப் பூக்கள் அத்தனையையும் வெட்டிக் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒன்று மிச்சம் இருக்கிறது. போன கிழமை அத்தான் காரை எடுத்தபோது எஞ்சினில் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஹெடருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் தகடு எரிந்துவிட்டது. ஹெடரைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும். குழாய்களின் நெருக்கத்துக்குள் கையை விட்டு ஆணி கழற்றுவது இரண்டு கை உள்ளவருக்கே கஷ்டம். கராஜ்காரர் யாரையாவது கூப்பிடுவோம் என்றேன். பொறு என்றுவிட்டு, அத்தான் ஆணி கழற்றும் சாவியை இடக்கையில் எடுத்துக்கொண்டு உள்ளே குனிந்தார். நான் கதிரையில் இருந்தேன். முதல் ஆணி கழன்றது. இரண்டாவதும் கழன்றது. மூன்றாவதில் அவர் கை அப்படியே நின்றது.

"தம்பி, இஞ்ச வா" என்றார். "உன்ர கையை விட்டுப் பார். இடக்கையை."

விட்டேன். குழாய்களுக்கு நடுவே, ஒவ்வொரு ஆணியிலும், சாவியோடு பொத்திய ஒரு இடக்கை போய்த் திரும்ப இடம் இருந்தது. எட்டுக் குழாயும் அந்தக் கைக்கு விலகிக் கொடுத்திருந்தன. என்னுடைய கைக்குக் கொஞ்சம் இறுக்கம். அத்தானுக்கு அளவு.

"எனக்கு அளவெடுத்துத் தைச்சு வைச்சிட்டுப் போயிருக்கிறா" என்றார் அத்தான்.

மிச்ச ஆணிகளையும் அவரே கழற்றினார். நான் தொடவில்லை.

இன்று அவரே ஓட்டி வந்த அந்தக் கார் மண்டபத்துக்கு வெளியே நிற்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போகும்போது பாருங்கள். எஞ்சின் மூடியைத் திறந்துதான் வைத்திருக்கிறோம். அதற்குள் சூடும் ஆறியிருக்கும். பயப்படாமல் உங்கள் இடக்கையை உள்ளே விட்டுப் பாருங்கள்.