பைப்பைப் பிடிக்காமல்

கழிப்பறைச் சுவரில் மேலிருந்து கீழே இறங்கிய தண்ணீர் பைப்பைப் பிடித்துக்கொண்டுதான் சகாயசெல்வி தினமும் எழுந்தாள். குத்தவைத்து உட்காருவது எப்படியோ நடந்துவிடும். எழுவதுதான் ஆகாது. இரண்டு தொடையும் வேறு யாருடையவோ போல மடங்கியே கிடக்கும். இடது கையைத் தரையில் ஊன்றி, வலது கையால் பைப்பைப் பற்றி, மாதாவே என்று ஓர் இழுப்பு. பைப்பைச் சுவரோடு பிடித்திருந்த கிளிப் ஒவ்வொரு இழுப்புக்கும் 'கறுக்' என்னும். அதன் ஸ்குரூவைச் சுற்றி சிமெண்டுத் தூள் உதிர்ந்திருக்கும். இன்றைக்குப் பிய்த்துக்கொண்டு வருமா, நாளைக்கா என்பதுதான் கண் விழித்ததும் அவளுக்கு வரும் முதல் நினைப்பு. சில நாள் கிளிப் இறுகியிருப்பதுபோலத் தோன்றும். மாதா கைவிடவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

உள்தாழ்ப்பாள் போடுவதை எப்போதோ விட்டுவிட்டாள். வாளியை மட்டும் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைப்பாள். விழுந்தால் யாரும் கதவை உடைக்க வேண்டியிருக்காது.

இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரியதாக இருந்தது. சொன்னால் மகன் ஆரோக்கியராஜ் மறுநாளே கம்மோடு வாங்கிப் போடுவான். நல்ல பிள்ளைதான். பக்கத்து வீட்டு அந்தோணியம்மாளுக்கும் கம்மோடில்தான் ஆரம்பித்தது. பிறகு ஒருநாள் குளிக்கும் இடத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. கட்டிலுக்குப் பக்கத்தில் ஓட்டை போட்ட நாற்காலி வந்தது. இப்போது அந்த நாற்காலியில் இறங்கி உட்காரவும் ஆள் வேண்டும். விடிந்ததும் டம்ளரால் கட்டில் இரும்பைத் தட்டி மருமகளைக் கூப்பிடுவாள். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுவிவிடுவதை சகாயசெல்வி ஒருமுறை பார்த்திருக்கிறாள். அந்தோணியம்மாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கிடந்தாள்.

இரண்டு பேரும் மரக்காணம் உப்பளத்தில் ஒரே செட்டில் உப்பு சுமந்தவர்கள். தலையில் சும்மாடு வைத்து, ஈர உப்புக் கூடையை ஏற்றிக்கொண்டு, வரப்புமேல் ஓட்டமும் நடையுமாய்ப் போவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆரோக்கியராஜுக்குப் புதுச்சேரிப் பக்கம் கம்பெனியில் வேலை நிரந்தரமானது. தளம் போட்ட வீடும் எழும்பியது. "இனி நீ அளத்துக்குப் போனா அசிங்கம் எனக்குத்தான். உக்காரும்மா" என்றான். உட்கார்ந்தாள். தண்ணீர் கேனை அவன் தூக்கினான், துணியை மெஷின் துவைத்தது, மாவை மெஷின் அரைத்தது. மருமகள் பூவிழி மருந்துக்கடை வேலைக்குப் போகுமுன் சமைத்துவிடுவாள். பூவிழி துடைப்பத்தைக்கூட அவள் கையில் கொடுப்பதில்லை. தெருவில் மற்ற பெண்களுக்கு அவளைப் பார்த்துப் பொறாமை. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

கிறிஸ்துமசுக்கு முன்னால் ஒருநாள் அந்தோணியம்மாளின் கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். சுகாதார நிலையத்திலிருந்து வீடு தேடி வரும் பிசியோதெரபிப் பெண் ஷமா, படுத்திருந்தவளின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். சகாயசெல்வி கட்டில் சட்டத்தை அழுத்திக்கொண்டு எழப்போனதை அவள் பார்த்துவிட்டாள்.

"ஏம்மா, கைய ஊனித்தான் எழுந்திருப்பீங்களா?"

"பழக்கம்."

"கைய மார்ல கட்டிக்கிட்டு எழுந்திரிங்க, பாக்கலாம்."

சகாயசெல்வி சிரித்துக்கொண்டே கையைக் கட்டினாள். உடம்பு முன்னால் சாய்ந்தது. கட்டிலை விட்டுக் கிளம்பவில்லை. மறுபடி முயன்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்கும் இப்டித்தான்டி ஆரம்பிச்சிது" என்றாள் அந்தோணியம்மாள்.

சகாயசெல்வி ஷமாவின் பக்கம் திரும்பினாள். "முப்பது வருஷம் உப்புக் கூட தூக்குன ஒடம்பும்மா இது. அந்தத் தெம்பு எங்க போயிடும்?"

"தூக்குறத நிறுத்தி எவ்ளோ நாளாச்சு?"

"நாலு வருஷம்."

"அப்ப போயிடுச்சும்மா. தூக்குற வரைக்கும்தான் சதை நிக்கும். வயசானா தானாவே கரையும், உக்காந்துட்டா இன்னும் சீக்கிரம். நடக்குறது நல்லதுதான், அது மட்டும் பத்தாது. வெயிட்டு தூக்கணும்."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான் தூக்கணும். போன சதை கொஞ்சம் கொஞ்சமா திரும்பும். எலும்புக்கும் பலம். கொஞ்சத்துல ஆரம்பிங்க. நாற்காலிய சுவத்தோரம் போட்டு, கனத்த மார்ல அணைச்சிக்கிட்டு உக்காந்து எழுந்திரிங்க. வலிச்சா நிறுத்திடணும். முட்டை சாப்புடுங்க."

அந்தோணியம்மாள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "போயி தூக்குடி. எனக்கு யாரும் சொல்லல."

வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பழைய தலையணை உறையில் கல்லுப்பைக் கொட்டி வாயைக் கட்டினாள். கொல்லையில் நாற்காலி போட்டாள். முதல் நாள் ஒரு பச்சைப்பிள்ளையின் கனம்கூட இல்லை, அதற்கே முட்டி ஆடியது. மூட்டையோடு விழுந்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் வந்ததும் வியர்த்தது. நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள். சில வாரம் போனபின் பிடிக்காமல் எழுந்தாள். அப்புறம் உறையில் இன்னும் ஒரு கை உப்பு. மூட்டையை இடுக்கிக்கொண்டு கிணற்றடிவரை போய்த் திரும்பினாள். பூவிழி வரும் நேரத்துக்கு மூட்டை நெல்லிமரத்துக்குப் பின்னால் போய்விடும்.

கொல்லைக்கு அந்தப்பக்கம் வேலியில் அடுத்த வீட்டுக்காரர் காசிலிங்கத்தின் தலை இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு சாயங்காலம் ஆரோக்கியராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். பூவிழி மத்தி மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மாவ மூட்ட தூக்க வுட்டியா நீ?"

"யாரு சொன்னது?"

"டீக்கடையில அத்தன பேரு நடுவுல காசிலிங்கம் மாமா கேக்குறாரு. 'ஏம்பா, மருமவ நல்லா வேல வாங்குறா போல, உங்கம்மா மூட்டையோட மூட்டையா கொல்லையில அல்லாடுது'ன்றாரு. நான் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?"

பூவிழி மீனைத் தட்டில் போட்டாள். மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சகாயசெல்வி கணக்குப் போட்டாள். வாயைத் திறக்காவிட்டால் பழி பூவிழிமேல் விழும். நாலு நாள் சண்டை, அப்புறம் ஆறிப்போகும். திறந்தால் கம்மோடு, ஓட்டை நாற்காலி, டம்ளர். மீன் தட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அவள ஏன்டா கேக்குற. நான்தான் தூக்குறேன்."

"எதுக்கு?"

"கக்கூஸ்ல எழுந்திரிக்க முடியல. பைப்ப புடிச்சி எழுந்திருக்கேன். அது பிச்சிக்கினு வந்தா அந்தோணி மாதிரி படுத்துடுவேன்."

அவனுக்குக் கோபம் போய் முகம் வெளுத்தது. "நாளைக்கே கம்மோடு போட்டுடுறேன். இனிமே நீ எதையும் தொடக்கூடாது. கொல்லப் பக்கமே போவாத. படுத்து ரெஸ்ட் எடு." அவள் பயந்த அதே வார்த்தைகள், பயந்த அதே வரிசையில்.

"கம்மோடு போடுங்க. அத வேணான்னு சொல்லல" என்றாள் பூவிழி. "மூட்டைய புடுங்காதீங்க."

"உனக்கு இன்னா தெரியும்?"

"அந்த பைப் கிளிப்ப கிறிஸ்துமஸ்க்கு முன்னாலேந்து நாந்தான் டைட்டு பண்றேன். தெனம் சாயங்காலம் பாத்தா லூசாயிருக்கும். இப்ப ஒரு வாரமா ஸ்குரூ அசையல."

மாதாவின் வேலை என்று நினைத்ததெல்லாம் இவள் வேலையா என்று சகாயசெல்வி தரையைப் பார்த்தாள். அத்தனை நாளும் இவளுக்குத் தெரியும். கதவுக்கு முட்டுக்கொடுத்த வாளியும் தெரிந்திருக்கும்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றான் ஆரோக்கியராஜ்.

"அத்த சொல்லல. நான் எப்டி சொல்றது?" பூவிழி மீண்டும் மீனை எடுத்தாள். "நெல்லிமரத்தடியில வெக்காதீங்க அத்த. ஈரத்துல உப்பு கசியுது. உள்ளயே வெச்சிக்குங்க."

அவன் வாசலுக்குப் போனான். பிறகு காசிலிங்கம் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவைத்தான்.

மறுநாள் விடிகாலையில் அவள் உள்ளே போனாள். வாளியை முட்டுக்கொடுக்கவில்லை. எழும் நேரம் வந்தது. கை தானாகப் பைப்பை நோக்கிப் போனது, நிறுத்தினாள். பாதத்தை அகட்டி ஊன்றினாள். உடம்பைக் கிளப்பினாள். பாதியில் நின்றுவிட்டது. மேலும் போகவில்லை, கீழும் இறங்க முடியவில்லை. தொடை வெடவெடவென ஆடியது. காதுக்குள் ரத்தம் இரைந்தது. கதவடியில் இரண்டு பாதங்களின் நிழல் விழுந்தது.

"அத்த?"

"இரு. வராத."

பக்கத்து வீட்டில் டம்ளர் கட்டிலைத் தட்டத் தொடங்கியது. டங், டங். சகாயசெல்வி விரல் நுனியால் பைப்பைத் தொட்டாள். இழுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சும்மாட்டின்மேல் முழுக்கூடையை ஏற்றியவள்போல, மெல்ல மெல்ல நிமிர்ந்தாள்.

கிளிப் சத்தம் போடவில்லை. கால் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. டம்ளர் நின்று, அந்தப் பக்கம் யாரோ கதவைத் திறக்கும்வரை அவள் அப்படியே நின்றாள்.