சூடானால் நடுங்கும் கார்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் அடுத்த ஸ்டாப்புக்கு நடக்கத் தொடங்கிவிடுவேன். பாதி வழியில் அந்த பஸ் என்னைக் கடந்து போகும். அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு கார், நின்ற இடத்தில் நின்றுகொண்டு நடுங்க ஆரம்பித்தால் என்ன பாடு படுவான் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பதினேழு வயதான பழைய கார். அதை ஓட்டுவது என் மனைவி. நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் இரத்தம் பரிசோதிப்பது அவள் வேலை. நாற்பத்தொரு வயதில் லைசென்ஸ் எடுத்தாள். தேர்வில் காரை எச் வடிவில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டும் எச் போடுவதில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை ஜெயித்தாள். எங்கள் பனச்சமூட்டிலிருந்து முதன்முதலாகத் தனியே லேபுக்கு ஓட்டிப் போய்த் திரும்பிய அன்று, சாவியை விரலில் சுற்றிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த நடையை நான் பார்த்ததில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகுதான் நடுக்கம் தொடங்கியது. ஓடும்போது ஒன்றும் இல்லை. நிறுத்தி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், ஸ்டியரிங் உதறும், கண்ணாடி ஆடும், இன்ஜின் இருமி அணைந்துவிடும். அதுவும் போகிற வழியில் உதியன்குளங்கரை ஜங்ஷனில், பின்னால் நிற்கும் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்காதபோது.

அவள் வந்து சொன்னாள். மறுநாள் காலையில் முற்றத்தில் வைத்து ஸ்டார்ட் செய்து பார்த்தேன். இன்ஜின் சீராக ஓடியது.

"பாத்தியா, வண்டிக்கு ஒரு கேடும் இல்ல. நீ கிளட்ச்ச விடுகதுதான் சரியில்ல" என்றேன்.

அடுத்த வாரமும் வழியில் அணைந்தது. மாநில எல்லை தாண்டி அடித்த பெட்ரோலைக் குறை சொன்னேன். பிளக் நான்கையும் மாற்றினேன். காற்று வடிகட்டியைத் தட்டித் துடைத்தேன். காலையில் முற்றத்தில் ஸ்டார்ட் செய்தால் அதே சீர். ஆக, குறை அவள் காலில்தான் என்று முடிவு கட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஓட்டச் சொல்லி இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். வெள்ளறடை தாண்டியதிலிருந்து என் வாய் ஓயவில்லை. கிளட்ச், கிளட்ச், மெல்ல, கிளட்ச். உதியன்குளங்கரையில் வண்டி அணைந்தது. ஸ்டார்ட் செய்தாள், மறுபடியும் அணைந்தது. நான் கத்தினேன். வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் குனிந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் போனார். அவள் ஓரங்கட்டி, சாவியை என் மடியில் வைத்துவிட்டு, இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

நான் ஓட்டிக்கொண்டு திரும்பினேன். வரும் வழியில் எனக்கும் மூன்று இடத்தில் நின்றது. அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

மறுநாள் முதல் அவள் பஸ்ஸில் போனாள். சாவி ஆணியில் தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்தது. யார்மேல் என்று அப்போது ஒத்துக்கொள்ள மனமில்லை. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பனச்சமூட்டில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும், என்னோடு பள்ளியில் படித்தவனிடம் கொண்டு போனேன். அவன் பானெட்டைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, போய் சாயா குடிக்க உட்கார்ந்துவிட்டான்.

"நோக்கல்லியா?" என்றேன்.

"சூடாவட்டு மக்கா. தணுத்த வண்டில என்னத்த பாக்க?"

அரைமணி நேரம். நான் கடைவாசலுக்கும் காருக்குமாக நடந்தேன். என் மனைவி கிளட்ச்சை விடும் லட்சணத்தையும் அவனுக்கு விளக்கினேன். "ஒரு இடத்தில இரி எலே" என்று அவன் இரண்டு தரம் சொன்னான். அதற்குள் கார் மெல்ல உதறத் தொடங்கியிருந்தது. ஒருபோதும் இவ்வளவு நேரம் நான் முற்றத்தில் காத்து நின்றதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவன் ஒரு முழம் ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டான். மறுமுனையை இன்ஜினைச் சுற்றி மெல்ல நகர்த்தினான். பின்பக்கம் ஓரிடத்தில் கை நின்றது.

"இஞ்ச வந்து கேளு."

கேட்டேன். ஸ்ஸென்று காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. இன்ஜின் உறிஞ்சும் காற்றைக் கொண்டுபோகும் சின்னக் குழாயில் விரிசல். வேண்டாத காற்று அதன் வழியே புகுந்தால் மெதுவாக ஓடும் இன்ஜின் தடுமாறும் என்றான். பிறகு ஸ்குரூ டிரைவரை நுழைத்து, கறுத்துப் பிசுபிசுத்த ஒன்றை நெம்பி எடுத்து மோந்து பார்த்தான்.

"இது ஒட்டுபாலாக்கும். எந்த மடையன் இதக் கொண்டு சுத்தினது?"

அம்பூரியில் எங்களுக்கு ஒரு துண்டு ரப்பர் தோட்டம் உண்டு. ஆடி மழையில் ஒருநாள் அங்கே போயிருந்தபோது இந்தக் குழாய் வெடித்தது. நான் யோசிக்கவே இல்லை. மரத்தில் கட்டியிருந்த சிரட்டையில் உறைந்து கிடந்த ரப்பர் பாலை, ஒட்டுபால் என்போம், அதை உரித்து, இழுத்து, நாலு சுற்றுச் சுற்றினேன். எங்கள் பக்கத்தில் ஓட்டை வாளிக்கும், ஒழுகும் பைப்புக்கும், ஆடுகிற வெட்டுகத்திப் பிடிக்கும் அதுதான் மருந்து. கார் ஓடியது. நான் மச்சானிடம் பெருமை அடித்தேன், அதோடு மறந்தும் போனேன். தணுத்திருக்கும்போது அது இறுகிப் பிடிக்கும். சூடேறினால் இளகி வாய் பிளக்கும். காலையில் எனக்குச் சீராக ஓடிய வண்டி பத்து மைல் தாண்டி அவளிடம் நடுங்கியதன் காரணம் என் கைவேலை.

"நான்தான்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. புதுக் குழாய் வெட்டி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முறுக்கி, ஸ்டார்ட் செய்தான். மீதிச் சாயாவோடு டம்ளரை இன்ஜின்மேல் வைத்தான். சாயா அசையவில்லை. "வண்டி சரியாச்சு. வீட்டில உள்ளது உன் பாடு, கேட்டியா" என்றான்.

அன்று சாயங்காலம் அவள் மரச்சீனிக் கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கறுத்த உருண்டையைத் தாளில் வைத்து அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று இடத்தில் நின்றதையும். அவள் உருண்டையைப் பார்க்கவில்லை.

"அப்ப உங்களுக்கும் நிண்ணுது."

"நிண்ணுது."

"அத எப்ப சொல்லலாம்ணு இருந்தீங்க?"

வெட்கமாக இருந்தது. உருண்டையைத் தாளோடு சுருட்டி எடுத்துக்கொண்டேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவள் பஸ்ஸில்தான் போனாள். மூன்றாம் நாள் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். "நீங்க வர வேண்டாம்" என்றாள்.

எனக்கு இருப்பு கொள்ளவில்லை. அவள் போன ஐந்து நிமிடத்தில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். உதியன்குளங்கரையில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கியபோது, ஜன்னலுக்குக் கீழே என் கார். நான் பார்ப்பதற்கு முன்பே அவள் என்னைப் பார்த்துவிட்டாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். இடப்பக்கக் கண்ணாடி இறங்கியது.

"இறங்கி வாங்க. கிளட்ச்ணு ஒரு வார்த்தை வந்தா அமரவிளையில இறக்கி விடுவேன்."

ஏறி உட்கார்ந்தேன். வரிசை அசையவில்லை. இன்ஜின் ஓடுகிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அமைதி. நான் மெல்ல டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணும் இல்ல. நடுக்கம் போச்சு."

"வண்டிக்குப் போச்சு" என்றாள். "எனக்கு உண்டு."

கியர் கம்பியின்மேல் இருந்த அவள் இடக்கை நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை எச் போட்டு ஜெயித்த கை. முன்னால் லாரி நகர்ந்தது. அவள் முதல் கியர் போட்டு எடுத்தாள். நெய்யாற்றின்கரை வரை நான் வாய் திறக்கவில்லை.