கயிறு கட்டிய கால்

செஞ்சியின் ராஜகிரி மலைக்கோட்டையில் பழுதுபார்க்கும் வேலை நடந்த அறுபதுகளில், மேலே செங்கல் சுமந்தவர்களில் லூர்துமேரியும் ஒருத்தி. வெயில் நாளில் வெறுங்காலோடு ஏறிவிடுவாள். ஐப்பசியில் பாறையெல்லாம் பாசி பிடித்தது. ஒரு காலையில் கூடையோடு சறுக்கி விழுந்து முழங்கை பிசகிற்று. மழை விடும்வரை பெண்கள் ஏற வேண்டாமென்று மேஸ்திரி கன்னியப்பன் சொல்லிவிட்டார். வீட்டில் உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை.

கை சரியானதும், எதைக் காலில் போட்டால் வழுக்காது என்று அடிவாரத்துச் செட்டிகுளத்தின் பாசிப் பாறையில் நடந்து பார்த்தாள். கணவன் யாகப்பனின் டயர் செருப்பு பாசியைப் பிடித்தது; ஆனால் தலையில் பாரத்தோடு அதைத் தூக்கி வைக்க முடியவில்லை, தண்ணீர் புகுந்து உள்ளேயே கால் வழுக்கியது. பக்கத்து வீட்டு வசந்தாவின் ரப்பர் செருப்புக்குக் கனமே இல்லை. பிடிப்பும் இல்லை. சாக்கைச் சுற்றினாள், நனைந்து கனத்தது.

பிறகொரு நாள் கிணற்றடியில், பாசிக்கல் மேல் கிடந்த அறுந்த தேங்காய்நார்க் கயிற்றை மிதித்தாள். கால் நகரவில்லை. அதை எடுத்துவந்து உள்ளங்காலில் சுற்றினாள். தடித்த கயிறு உறுத்தியது. மெல்லிய புரியாகப் பிரித்து, பாதத்தின் மேல்பக்கம் உறுத்தாமல் துணி வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். குளத்துப் பாறையில் ஏறினாள், இறங்கினாள், கடைசியில் ஓடியும் பார்த்தாள்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. மேலிருந்து சிராய்ப்போடு அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார் பாண்டுரங்கன் என்ற கொத்தனார். படி முடிந்து வெறும் பாறையாகச் சரியும் இடத்தில் விழுந்து உருண்டாராம். அதைப் பார்த்து மற்றவர்கள் இறங்கப் பயந்து மேலேயே நிற்கிறார்களாம். யாகப்பனும் அங்கேதான் இருந்தான்.

லூர்துமேரி காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். வீட்டிலிருந்த நார்க்கயிற்றையும் பழந்துணியையும் கூடையில் போட்டுக்கொண்டு ஏறினாள். சரிவுப் பாறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அடியையும் அழுத்தி வைத்தாள். ஒன்றுகூட நழுவவில்லை.

மண்டபத்தில் ஒண்டியிருந்த கன்னியப்பன் அவளைப் பார்த்துத் திகைத்தார்.

"இந்த வழுக்கல்ல எப்புடிம்மா ஏறி வந்த?"

"கால நீட்டுங்க மேஸ்திரி, கட்டி வுடறேன்."

அவர் கூச்சப்பட்டார், பிறகு நீட்டினார். அதைப் பார்த்து யாகப்பன் அடுத்தவர்களுக்குக் கட்டினான். முன்னால் லூர்துமேரி இறங்க, அவள் மிதித்த இடத்தையே மிதித்து எல்லோரும் வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் அத்தனை பேரும் அடிவாரத்தில் நின்றார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

"நாளைக்கு வேலைக்கு வந்துடு மேரி," என்றார் கன்னியப்பன். "மத்த பொம்பளைங்களையும் கூட்டியா. எல்லாருக்கும் நீயே கட்டி வுட்டுடு."

கயிற்றை அவிழ்க்கச் சொன்னான் யாகப்பன். அவளுக்கு மனசு வரவில்லை. சேறு அப்பிய அந்தக் காலோடே செஞ்சிக் கடைத்தெரு நடுவில், எல்லோரும் திரும்பிப் பார்க்க, நிமிர்ந்து நடந்தாள்.